மாத்திரை ஆடிய ஆட்டம்

உட்கார்ந்தால் எனக்குக் கால் ஆடும். பள்ளிக்கூட நாளிலிருந்தே அப்படித்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய அப்பா, ஷிப்ட் முடிந்து வந்து ராயபுரம் வீட்டுக் கட்டிலில் சாய்ந்ததும் முதலில் சொல்வது: "காலை ஆட்டாத. வூடு வெளங்காது."

இப்போது அதே கட்டிலில் அவர். தோள் ஒரு பக்கம் வழுக்குகிறது, கழுத்து மறுபக்கம் இழுக்கிறது, பாதம் தரையில் யாரும் கேட்காத கோலத்தைப் போடுகிறது. எதிரே நான் அசையாமல் இருக்கிறேன்.

இந்த ஆட்டத்தை நோய் தரவில்லை. பார்க்கின்சன் தந்தது இறுக்கம். வாசற்படியில் தூக்கிய கால் இறங்க மறுத்து நிற்கும் இறுக்கம். மாத்திரை வந்தது, கால் இறங்கியது. சில வருஷம் அந்த மாத்திரைதான் எங்கள் வீட்டுச் சாமி. பிறகு சாமி ஆடத் தொடங்கியது. நோய் முற்றிவிட்டது என்று பயந்து அம்மா அரை மாத்திரை கூடக் கொடுப்பாள். ஆட்டம் ஏறும். இன்னும் பயந்து இன்னொரு அரை கொடுப்பாள். எங்கள் வீட்டு வைத்தியம் இப்படித்தான் கொடிகட்டிப் பறந்தது.

டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஆட்றது நோய் இல்லம்மா, மருந்து. உங்க ஏரியாவுல தண்ணி லாரி வருதுல்ல? தொட்டி இருக்கற வீடு பிடிச்சு வெச்சு நாள்பூரா செலவு பண்ணும். மூளையில அந்தத் தொட்டி வேலையைச் செஞ்ச செல்லுங்க அழிஞ்சுக்கிட்டே வருது. அதனால மருந்து வந்தா வெள்ளம், தீர்ந்தா வறட்சி. வருஷக்கணக்கா இப்படி ஏறி இறங்கினதுல மூளையும் மாறிடுச்சு. வெள்ளம் உச்சத்துக்குப் போறப்ப உடம்பைத் தூக்கி ஆட்டுது. டோஸ் கூடினா இன்னும் ஆட்டும். மீனும் பருப்புமா சாப்பிட்ட வயித்துல மெதுவா ஏறும். வெறும் வயித்துல சட்டுனு ஏறிடும்."

"அப்ப நிறுத்திடலாமா?" என்றாள் அம்மா.

"நிறுத்தினா அசையவே மாட்டார்."

அப்பாவுக்கு மட்டும் எல்லாம் புரிந்தது. லாரி, லோடு, ஏற்றம், இறக்கம் எல்லாம் அவர் பாஷைதானே.

அந்த மாசமே வியாசர்பாடியில் அவருடைய தோஸ்து செத்துப்போனார். கப்பலின் வயிற்றுக்குள் சரக்கு எங்கே இறங்குகிறதென்று கிரேன்காரனுக்குத் தெரியாது. கீழே நின்று ஒருவர் கைகாட்ட வேண்டும்: விரல் கீழே வட்டமிட்டால் இறக்கு, முஷ்டி மூடினால் நிறுத்து. அப்பாவுக்குக் கைகாட்டியவர் அவர். ஒருவர் வானத்தில், ஒருவர் தரையில். வேலைநேரத்தில் பேசிக்கொண்டதெல்லாம் கையால்தான்.

"வேன்ல ஏத்தாத. மூலக்கொத்தளத்து மயானம் வரிக்கும் அவன் பின்னால நடந்தே வர்றேன்" என்றார் அப்பா.

நடுரோட்டில் கால் உறைந்தால்? அவருக்கும் அதே பயம்தான். எனக்குத் தெரியாமல் ஒரு மாத்திரையைக் கூடப் போட்டுக்கொண்டார். பிணம் எடுக்கும்வரை சாவு வீட்டில் பச்சைத்தண்ணீர் தவிர எதுவும் தொடமாட்டார். காலையிலிருந்து வயிறு காலி. டாக்டரம்மா சொன்ன காரணங்களை ஒன்றுவிடாமல் திரட்டிக்கொண்டு, வெள்ளைச் சட்டையும் போட்டு, ஊர்வலத்தில் இறங்கினார்.

பேசின் பிரிட்ஜ் பக்கம் மேளம் சூடேறியபோது வெள்ளமும் வந்தது. தோள் துள்ளியது. இடுப்பு வளைந்தது. தலை பின்னால் போய்த் திரும்பியது. பிணத்துக்கு முன்னால் குத்தாட்டம் போடுவதைக் 'கலீஜ்' என்று ஆயுள் முழுக்கத் திட்டியவர், அதன் நட்டநடுவில்.

"பெர்சு குத்துது பாரு மச்சான்!"

"வய்யி வுடு, நைனாக்கு வய்யி வுடு!"

மேளக்காரர் அவர் பக்கமே திரும்பி, அவருடைய தோளுக்கு அடிக்கத் தொடங்கினார். யாரோ கழுத்தில் மாலை போட்டார்கள்.

"டேய், நான் ஆடலடா! மாத்திரைடா!" என்று கத்தினார் அப்பா.

"நாங்கல்லாம் குவாட்டரு, நீ மாத்திரையா? ஷோக்கா கீது நைனா!"

நான் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தேன். உதறினார். "வுட்றா. நின்னா நின்னுடுவேன்." ஆடாமல் நடக்க வழியில்லை, ஆடிக்கொண்டே நடந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஊர் விசிலடித்தது.

மயானத்தில் மேளம் நின்றது. குழியில் கயிற்றால் இறக்கும்போது பிணம் ஒரு பக்கம் சரிந்தது. பிடித்திருந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள். அப்பாவின் வலது கை முன்னால் நீண்டது. விரல் கீழே பார்த்து மெல்ல வட்டமிட்டது. கயிறு பிடித்தவர்கள் அதைப் பார்த்து இறக்கினார்கள். கை முஷ்டியாகி நின்றபோது தோஸ்து தரை தொட்டிருந்தார். கையைத் தவிர அப்பாவின் மற்ற எல்லாமும் ஆடிக்கொண்டிருந்தது.

அந்தக் கையும் மாத்திரையா என்று டாக்டரம்மாவிடம் நான் கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் காரணம் வைத்திருப்பவர். இதற்கும் ஒன்று இருக்கும்.

திரும்பும்போது ஆட்டோவில் வறட்சி தொடங்கிவிட்டது. மாலையைக் கழற்றக்கூட முடியாமல் அப்பா இறுகிக்கொண்டிருந்தார். பக்கத்தில் என் கால் அதன்பாட்டுக்கு ஆடியது. பார்த்தார். வீடு விளங்காததைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"நடந்தேன்ல?"

"நடந்த நைனா."

"ஆடல."

சட்டையெல்லாம் ரோஜா இதழ்.

"ஆடல நைனா" என்றேன்.