சவப்பெட்டியில் இருந்த கண்

மியூனிக் நகரத்து ஆய்வுக்கூடத்தில் குருமூர்த்தி பார்த்த வேலை, பழைய பொருள்களை எரித்து, எழும் வாயுவிலுள்ள, நாளாக ஆகக் குறைந்துவரும் கதிரியக்கக் கரியை அளந்து, அவற்றின் வயதைச் சொல்வது. கும்பகோணத்தில் பிறந்து, இயற்பியல் படித்துவிட்டு ஜெர்மனிக்கு வந்தவர். எரித்தது திரும்பாது என்பதை நன்கு உணர்ந்தவராகையால் தேவையானதை மட்டுமே எரிப்பார். மிச்சத்தைப் பத்திரமாகத் திருப்பி அனுப்பிவிடுவார். ஒரே ஒரு முறை அவர் அப்படிச் செய்யவில்லை.

1965-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், அருங்காட்சியகத்தின் எகிப்தியப் பிரிவைக் கவனித்துவந்த ஏகர் அம்மையார் ஒரே சவப்பெட்டியின் இரண்டு பலகைத் துண்டுகளைக் கொண்டுவந்தார். பிரமிடுகளைக் கட்டிய பேரரசு தளர்ந்து, நைல் வெள்ளம் பொய்த்து, மாவட்ட அதிகாரிகள் ஆளுக்கு ஆள் தம்மையே மன்னர் என்று எழுதிக்கொண்ட காலத்துச் சிற்றரசன் ஒருவனுடைய பெட்டி அது. பின்னர் தெற்கிலிருந்து ஒரு வலிய குலம் எழுந்து நாட்டை மீண்டும் ஒரே குடைக்கீழ்க் கொண்டுவந்தபோது, அவனைப் போன்றவர்கள் சுவடில்லாமல் போனார்கள். அவன் வாழ்ந்ததற்கு மிஞ்சிய சாட்சி இந்த இரண்டு துண்டுகளே. ஒன்று வெறும் மரம். மற்றதில், உள்ளே படுத்திருப்பவன் சூரியோதயத்தைப் பார்ப்பதற்காகத் தீட்டப்பட்ட ஒரு கண்.

"வெறும் துண்டை எரித்துக்கொள்ளுங்கள். கண் என்னோடு திரும்பி வரவேண்டும்" என்றார் அம்மையார்.

கண் தீட்டப்பட்ட பாணியைக் கொண்டு பெட்டியின் காலம் ஏற்கெனவே தெரியும். புதிய முறையும் அதையே சொல்கிறதா என்று பார்ப்பதே நோக்கம். சொல்லவில்லை. முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் குறைவாக வந்தது.

உடன் வேலை செய்த ரகுநாதன் சிரித்தார். "என்னப்பா, உங்க ராஜா வயசைக் குறைச்சுச் சொல்றாரே! எங்கயாவது பொண்ணு பாக்கறாரா?"

குருமூர்த்தியும் சிரித்துவைத்தார். ஆனால் துறைத் தலைவர் சிரிக்கவில்லை. "மரத்தை ஒழுங்காகச் சுத்தம் செய்தீர்களா?" என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டார். வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டிய சமயம் அது.

மறுபடி அளந்து பார்க்கக் கண் இருந்த துண்டைக் கேட்டு குருமூர்த்தி அருங்காட்சியகத்துக்குப் போனார். வேறொரு கல்லறையின் மரம் கோடையில் வருகிறது, அதுவரை பொறுத்திருக்கலாமே என்றார் அம்மையார்.

"அதுவரை நான் இங்கே இருப்பேனா என்பது தெரியாது."

அம்மையார் இழுப்பறையைத் திறந்து, கண் தீட்டிய துண்டை எடுத்து அவர் கையில் வைத்தார்.

வண்ணமும் அதன் அடியிலிருந்த சுண்ணப் பூச்சும் மரத்தோடு எரிந்தால் அளவு பிழையாகும். ஆகவே முதலில் அந்தக் கண்ணைச் சுரண்டியாக வேண்டும். கத்தியின் முனையை மட்டுமே கவனித்து, ஒரு துகள்கூட மிஞ்சாமல் சுரண்டினார். மாலையில் வீட்டுக் குழாயடியில் நின்று நகங்களைத் தூரிகையால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன்னா, தோலையே உரிச்சுடுவேள் போலிருக்கே!" என்றாள் மனைவி வைதேகி.

"கறை போகமாட்டேங்கறது."

இரண்டாவது துண்டும் முதல் துண்டு சொன்னதையே சொன்னது. குருமூர்த்தியின் கையில் பிழையில்லை என்றாயிற்று. ஒப்பந்தம் நீண்டது. துறைத் தலைவர் கைகுலுக்கினார்.

ஐந்து ஆண்டுகள் கழிந்தன. அமெரிக்காவின் மிகப் பழைய பைன் மரங்களை ஆண்டு வளையம் ஒவ்வொன்றாக அளந்தவர்களின் முடிவுகள் ஆய்வுக்கூடத்துக்கு வந்தன. அந்தப் பழங்காலத்துக் காற்றிலேயே கதிரியக்கக் கரி சற்று மிகுதியாக இருந்திருக்கிறது. அதனால்தான் எகிப்திய மரங்களெல்லாம் இளமையாகத் தோன்றின. அந்தத் திருத்தத்தைச் சேர்த்தபோது சிற்றரசன் தன் காலத்தில் சரியாகப் போய் அமர்ந்தான். அதற்கு முதல் துண்டே போதுமானதாக இருந்தது.

இரவுச் சாப்பாட்டின்போது வைதேகியிடம் சொன்னார்.

"அப்போ அந்தக் கண்ணை அநியாயமா கொளுத்திட்டேள்னு சொல்லுங்கோ."

"உத்தியோகம் போயிடும்னு பயந்துட்டேன்."

"அதைப் போய் அந்த மாமிகிட்ட சொல்லுங்கோ. எங்கிட்ட சொல்லி என்ன ஆறது?"

போனார், சொன்னார். ஏகர் அம்மையார் கடிந்துகொள்ளவில்லை. அந்தக் கண்ணின் கறுப்பு வெள்ளைப் புகைப்படம் ஒன்றை எடுத்து வைத்தார். அதைப் பார்த்து வண்ணச் சித்திரம் ஒன்று தீட்டிக் கண்ணாடிப் பேழையில் வைக்கப்போவதாகச் சொன்னார். "கண்ணைச் சுற்றிய கோடு கறுப்பு. அது எனக்கு நினைவிருக்கிறது. கீழே சுருண்டு இறங்கும் இந்தக் கோடு நீலமா, பச்சையா? கடைசியாகப் பார்த்தவர் நீங்கள்."

குருமூர்த்தி எவ்வளவோ யோசித்தார். கத்தி முனை நினைவுக்கு வந்தது. வெண்ணிறச் சுண்ணம் உதிர்ந்தது நினைவுக்கு வந்தது. நிறம் வரவில்லை.

"நான் பார்க்கவில்லை" என்றார்.

வீடு திரும்பியதும் வைதேகி கேட்டாள்: "என்ன சொன்னா?"

அவர் நடந்ததைச் சொன்னார். அவள் புருவத்தைச் சுருக்கினாள். "பச்சைன்னா! அன்னிக்கு உங்க நகக்கண்ல பச்சை பச்சையா ஒட்டிண்டிருந்ததே. நான்கூட ஏதோ மருந்துன்னு நெனச்சேன்."

மறுநாள் காலை தொலைபேசியில் அம்மையாரிடம், "பச்சை" என்றார்.

"எப்படித் தெரிந்தது?"

"என் நகத்தில் இருந்ததை மனைவி பார்த்திருக்கிறாள். நான் கழுவிவிட்டேன்."

மறுமுனையிலிருந்து, "சரி, பச்சையே தீட்டுகிறேன்" என்று குரல் வந்தது.

அந்தச் சித்திரம் பேழையில் இடம்பெற்றது. ஊரிலிருந்து யார் வந்தாலும் வைதேகி அழைத்துப் போய் அதைக் காட்டுவாள். குருமூர்த்தியும் கூடவே போவார். எகிப்தியக் கூடத்துக்கு முன்னாலுள்ள கிரேக்கக் கூடம் வரையில் போவார். அங்கேயே ஒரு தூணோரம் நின்று, அவர்கள் திரும்பி வரும்வரை காத்திருப்பார்.