எச்சில் தொட்ட பக்கம்

கடல் கடந்து கிளேட்டன் என்ற ஊரில் பழைய தாள்களைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த காலத்தில் எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். சீனத்துத் தாள் செய்யும் வித்தை சமர்கந்து வழியாகப் பக்தாத்துக்குப் போய், அங்கே புத்தகக் கடைத் தெருவே உண்டான கதையைக் கேட்டவர் கேளாதவர் எல்லோருக்கும் சொல்லுவேன்.

அடுத்த தெருவில் காத்தான்குடி முஸ்லிம் அன்ரி ஒருவர் இருந்தார். அவருடைய வாப்பா அரபு எழுத்தில் தமிழை எழுதிவைத்த பக்திப் புத்தகம் ஒன்று அவரிடம் இருந்தது. மகளின் கலியாணத்தில் அதிலிருந்து வாசிக்க ஆசைப்பட்டார். "தாள் தாங்குமா எண்டு ஒருக்கா பாத்துச் சொல்லுங்க தம்பி" என்று கூப்பிட்டார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். மகனின் பண்டிதத்தனத்தை அவர் பார்க்க வேண்டாமா!

குசினி மேசையில் புத்தகத்தை விரித்துத் தொடங்கினேன். கஞ்சி பூசிச் சங்கால் தேய்த்து மினுக்கிய தாள். விளக்குக் கரியும் பிசினும் சேர்த்த மை.

"இந்த மை உள்ளுக்கை ஊறாது அன்ரி, மேலைதான் நிக்கும். எழுதேக்கை பிழை விட்டா, எச்சில் தொட்டே அழிச்சுப்போடுவினமாம்."

நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அப்பா விரலை நாக்கில் தொட்டார். கந்தோரில் காலமெல்லாம் கோப்புப் புரட்டிய பழக்கம். கண்டேன். பெற்ற தகப்பனைப் பார்த்து, பிறத்தியார் வீட்டில், "எச்சில் படுத்தாதேங்கோ" என்று எப்படிச் சொல்வது? அவ்வளவு நேரம் மூடாத வாய் அப்போது பார்த்து மூடிக்கொண்டது. பக்கம் புரண்டது. ஓரத்தில் ஒரு வரி கறுப்பாக இழுபட்டது.

அன்ரி கண்டும் காணாததுபோல் பிளேன்ரீயை அப்பா பக்கம் நகர்த்தினார்.

"என்ன வடிவான எழுத்து!" என்ற அப்பாவின் விரல் மறுபடியும் நாக்குக்குப் போனது. எட்டிக் கையைப் பிடித்தேன். "அப்பா, அழியுது!" என்று கத்தியே விட்டேன்.

அவர் தன் விரலைப் பார்த்தார், பக்கத்தைப் பார்த்தார். "ஐயோ, சாமிப் புத்தகமெல்லே..." முகம் செத்துப்போயிற்று. எழும்பிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டார்.

நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. "அவருக்குத் தெரியாது அன்ரி. எனக்குத் தெரியும். நான்தான் தடுத்திருக்கவேணும்," என்றேன். தலையை நிமிர்த்த முடியவில்லை.

ஈரம் காயட்டும் என்று அன்ரி புத்தகத்தைத் திறந்தபடியே விட்டார். கண் கலங்கியிருந்தது.

"என்ட வாப்பாட எழுத்துல ஒரு வரி போயிட்டு. அதுக்கு இனி என்ன செய்ற, தம்பி? உங்கட வாப்பா ஜம்பரும் இல்லாம குளிருக்குள்ள நிக்காரு. போய்க் கூட்டிட்டு வாங்க."