தவளைகளுக்குத் தீனி

சிட்னியின் வென்ட்வேர்த்வில்லில் பல் மருத்துவரிடம் காத்திருந்தபோது அந்த மூதாட்டியைப் பார்த்தேன். தொண்ணூறு வயதிருக்கும், என்னைவிட அதிகப் பற்கள் வைத்திருந்தார். வந்தவர் உட்காரவில்லை. அங்கிருந்த தொட்டி மீன்களுக்குத் தீனி போட்டாயிற்றா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"எப்ப வந்தாலும் இந்த அன்ரி முதல் கேக்கிறது இதைத்தான், அங்கிள்," என்றாள் வரவேற்பறைப் பெண். 'அங்கிள்' பல்வலியைவிட வலித்தது.

மூதாட்டியிடமே காரணம் கேட்டேன். அவருடைய அப்பா ஜெர்மனியில் விலங்கியல் பேராசிரியர். யூதர் என்பதால் நாஜிகள் ஒரே நாளில் வேலையைப் பறித்து, ஆய்வுக்கூடத்துக்குள்ளும் விடவில்லை. உள்ளே அவர் வளர்த்த தவளைகள் இருந்தன. பிறகு சிட்னியில் தொழிற்சாலை வேலை. பல வருடம் கழித்து, அப்பாவின் பேராசிரியர் நாற்காலியில் உட்கார்ந்த அவருடைய பழைய மாணவர் மன்னிப்புக் கேட்டு வந்தாராம்.

"அப்பா ஒன்றுதான் கேட்டார், தவளைகளுக்கு யார் தீனி போட்டது என்று. அந்த மாணவர் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம்."

"யாராவது போட்டிருப்பார்கள்," என்றேன்.

அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். "நன்றி. அப்பா இருந்தபோது நீங்கள் வந்திருக்கலாம்."

அதற்குப் பிறகு நான் வாயைத் திறந்தது மருத்துவருக்கு மட்டும்தான்.