பெயர் சொல்லாத மூன்று கம்ப்யூட்டர்கள்

போன வாரம் நான் டிரைவர் வேலை பார்த்தேன். முதலாளி, என் மனைவி ஜெஸி.

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவள். மூன்று ஊர்களில் இருக்கும் மூன்று சின்ன ஆஸ்பத்திரிகளின் கம்ப்யூட்டர்களில் ஒரே சாஃப்ட்வேரைப் போட்டு, மூன்றையும் சேர்ந்து கணக்குப் போட வைக்க வேண்டும் – இதுதான் அவள் ஒப்புக்கொண்ட வேலை. பாளையங்கோட்டையும் ஆழ்வார்குறிச்சியும் சுலபமாக முடிந்தன.

ஸ்ரீவைகுண்டத்தில் டாக்டர் காஜா, கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். எழுந்திருப்பதாகத் தெரியவில்லை.

"பாம்பு கடிச்சு வந்தவங்க விவரம் பூரா இதுல இருக்கு மேடம். ஒரு பேரு வெளிய போனாலும் சம்மதிக்க மாட்டேன்."

நியாயம்தானே? ஆனால் அவருக்கு ஒரு கேள்விக்குப் பதிலும் வேண்டியிருந்தது. வாழைத்தோப்பில் கடிபட்டு வந்த ஒருவர், மருந்து ஏறியதும் நன்றாகப் பேசினாராம். மறுநாள் சிறுநீரகம் நின்றுவிட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதற்குள்...

"முந்தின நாளே அனுப்பிருக்கணும் அண்ணாச்சி" என்றார் என்னிடம், தரையைப் பார்த்துக்கொண்டே.

யாரை உடனே அனுப்புவது? ஓர் ஆஸ்பத்திரியின் பதிவுகள் அதைச் சொல்லப் போதாது. மூன்றும் சேர வேண்டும். ஆனால், சேரவும் கூடாது!

ஜெஸி பக்கத்தில் உட்கார்ந்தாள். "விவரம் இங்கன இருந்து நகராது டாக்டர். கேள்விதான் இங்க வரும். உங்க மெஷினே கணக்குப் போட்டு, மொத்தத்தை மட்டும் அனுப்பும்."

"என்ன போவுதுன்னு நான் பாக்கணும்லா?"

"பாருங்க. நீங்க சரின்னு அமுக்குனாத்தான் போகும்."

சாஃப்ட்வேரை ஓட்டினாள். ஆழ்வார்குறிச்சியிலிருந்து பதிலே இல்லை. போன் போட்டால் நர்ஸ் பதறினார்: "கரண்டு வீணாப் போவுதேன்னு நான்தான் ஆஃப் பண்ணுனேன் மேடம்!"

மறுபடி ஓட்டினாள். திரையில் நாலைந்து எண்கள் வந்தன. டாக்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். பெயர் இல்லை, வயது இல்லை, ஊர் இல்லை. "இவ்வளவுதானா?" என்று கேட்டு, அமுக்கினார். மூன்று ஊர் மொத்தங்களும் சேர்ந்து, திருத்திய கேள்வி திரும்பி வந்தது. மறுபடி மொத்தம், மறுபடி கேள்வி. முதலில் எண்கள் தாறுமாறாக அசைந்தன. பிறகு கொஞ்சமாக. பிறகு... அசையவே இல்லை. எனக்குப் புல்லரித்துவிட்டது. ஒருவர் கையில் இருப்பதை மற்றவர் பார்க்காமலே, மூன்று பேரும் ஒரே பதிலுக்கு வந்து நின்றுவிட்டார்கள்!

கடிபட்டுத் தாமதமாக வந்து, முதல் பரிசோதனையிலேயே ரத்தம் உறையாமல் இருந்தால் – ஆபத்து அவர்களுக்குத்தான் அதிகம்.

"முதல் பதில்தான். இன்னும் சரிபாக்கணும்" என்றாள் ஜெஸி.

"நீங்க சரிபாருங்க மேடம். அதுவரைக்கும் நான் காத்திருக்க மாட்டேன்." ஒரு தாளில் ஏதோ எழுதி, அவசரப் பிரிவுச் சுவரில் அவரே ஒட்டினார். அதன் கடைசி வரியைப் படித்தேன். 'நல்லாப் பேசினாலும், அன்றே அனுப்பவும்.'

வாராவாரம் இந்தப் பத்தியில் வீட்டு விஷயத்தையெல்லாம் உங்களிடம் கொட்டிவிடும் எனக்கு, அந்த மூன்று கம்ப்யூட்டர்களை நினைத்தால் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.