நாலு விரல் குறைந்த குச்சி

எனக்கு எழுபத்தாறு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஆனாலும் போன ஆயுத பூசையன்று நான் செய்ததை நானேதான் எழுத வேண்டும்.

சேரப்பணஞ்சேரியில் எங்கள் பழைய வீட்டு ஓடுகளைப் பிரித்தபோது, பரணில் மாமனாரின் நாட்டுத் துப்பாக்கி கிடைத்தது. வேர்க்கடலைக் கொல்லையில் பன்றி விரட்ட லைசென்சோடு வைத்திருந்தார். வெடிமருந்தையும் ஈய ரவையையும் குழல் வாய் வழியாகவே போட்டு இடிக்கிற வகை.

பெரியவன் ஒரகடத்துக் கம்பெனியில் உதிரிபாகங்களைச் சோதித்துப் பாஸ் போடுகிறவன். துப்பாக்கிக்கும் சந்தனப் பொட்டு வைத்து, பூசைக்கு ஸ்பேனர்களோடு சாய்த்தான். அதோடு விட்டானா? செல்போன் விளக்கை அடித்துக் குழலுக்குள் கண்ணை வைக்கப் போனான்.

"டேய், மூஞ்ச எடுடா!"

"இன்னாமா, நாப்பது வருச துரு. உள்ள இன்னா கீது?"

"இன்னா கீதுன்னு தெரியாமத்தான கண்ண வெக்கிற?"

"தெனம் ஆயிரம் பீஸ் செக் பண்றவன் நானு. எனக்கே சொல்றியா?"

மருமகள் சிரித்தாள். "வுடுங்க அத்த, அவரு சூப்பர்வைசர் பேச்சையே கேக்க மாட்டாரு."

கற்பூரத் தட்டை வெளியே கொண்டுபோகச் சொன்னேன். எல்லோரையும் பின்னால் தள்ளினேன். விசைப் பக்கம் கை படாமல், குழல் வாயை ஆளில்லாத ஏரிக்கரைப் பக்கமாகத் திருப்பிக் கிடத்தினேன். கொல்லையிலிருந்து வந்ததும் மாமனார் குழலை அளக்காமல் அதைச் சுவரில் மாட்டியதே இல்லை; குச்சி எடுத்துக் கொடுப்பவள் நான்தான். ஒட்டடைக் கொம்பின் மூங்கில் குச்சியை, பக்கவாட்டில் நின்று மெள்ள உள்ளே விட்டேன். அது தட்டி நின்றதும் வாயோரம் குங்குமத்தால் கோடு போட்டேன். பிறகு குச்சியை உருவி, கோடு வாயோரம் வரும்படி குழலின் வெளிப்புறமாக வைத்தேன். காலியென்றால் குச்சியின் நுனி, நெருப்பு உள்ளே போகிற துளை வரைக்கும் எட்ட வேண்டும். நாலு விரல் முன்னாலேயே நின்றுவிட்டது.

மாமனார் படுத்த படுக்கையானதும் யாரோ அளக்காமல் பரணில் ஏற்றியிருக்கிறார்கள்.

"துருவா இருக்கும்மா" என்றான். குரல் இறங்கிவிட்டிருந்தது.

"இருக்கட்டும். யாரும் நோண்ட வேணாம். ஸ்டேஷனுக்கு ஃபோன் போடு."

போலீசோடு வந்த நிபுணர் அதை வெட்டவெளிக்கு எடுத்துப்போய்ப் பிரித்தார். காகிதத்தில் கொட்டிக் காட்டினார்: கறுப்பு மருந்து, ரவை. நாற்பது வருடமாகியும் ஈரமே ஏறவில்லையாம்.

"யாரு இத்த அளந்தது?"

தினம் ஆயிரம் பீஸ் பார்க்கிறவன் தலையைக் குனிந்துகொண்டு, "எங்கம்மா சார்" என்றான். நிபுணர் எனக்கு சல்யூட் வைத்தார். நானும் வைத்தேன்.

இந்தா கண்ணு, பாட்டி எழுதுன இத்த ஒருவாட்டி படி. சத்தமா படி, உள்ள கீற உங்கப்பன் காதுல வுழட்டும்.