எந்தத் தண்ணீரில் அலசுவார்கள்

இந்த ஊர்க் குழாய்த் தண்ணீரில் சோப்பு நுரைத்தால் லேசில் அடங்காது. வந்த புதிதில், எவ்வளவு ஊற்றினாலும் வழுவழுப்பு போகாமல் பாதிக் காலையைக் குளியலறையிலேயே கழித்திருக்கிறேன். வீட்டுக்கார அம்மாள் கதவைத் தட்டி, உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டார். சோப்பு போகவில்லை என்றேன். மறுநாள் வேறு சோப்பு வாங்கி வைத்திருந்தார். நல்ல மனுஷி. குறை சோப்பில் இல்லை, எங்கள் ஊர் பாளையம்பட்டிக் கிணற்று உப்புத் தண்ணீரில் ஊறிய என் உடம்பில்தான் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது.

எழுபதுகளின் தொடக்கம் அது. வட இங்கிலாந்தில் ஒரு கம்ப்யூட்டர் அலுவலகத்தில் தற்காலிக வேலை. நோயாளிகள் எந்த நாளில் வரவேண்டும் என்று கடிதம் அச்சடிக்கும் புரோகிராமை மருத்துவமனைகளுக்கு எழுதிக் கொடுத்தோம். அதைத் திருத்திப் புதிதாக அனுப்பும் பொறுப்பு என்னிடம் வந்தது. எங்கள் அலுவலகப் பெண்கள் நோயாளி விவரங்களைத் துளையிட்டுத் தந்த அட்டைகளைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்து இரண்டு நாள் ஓட்டிப் பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை. மேலாளர் திருமதி ஹார்ட்லி தாளை நீட்டி, கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டால் வேலை நிரந்தரம். தாமதித்தால் வேறு ஆள் பார்ப்பார்கள். பேனாவைத் திறந்தேன், ஊரில் நெய்த ஒரு சேலை ஞாபகம் வந்து மூடி வைத்துவிட்டேன்.

அறுபதுகளின் கடைசியில் எங்கள் வீட்டுச் சாயப் பட்டறையில் புதுச் சாயத்துக்குத் தேர்வு வைப்பவன் நான். சாயம் தோய்த்த நூல் கற்றையை, சிட்டம் என்போம், மூன்று முறை கிணற்றுத் தண்ணீரில் அலசி, வெள்ளைத் துணியில் தேய்ப்பேன். கறை இல்லையென்றால் தேறியது. அப்படித் தேறிய கருஞ்சிவப்பில் நெய்த முதல் சேலையை, அம்பாசமுத்திரத்தில் வாழ்க்கைப்பட்ட என் அக்கா சௌடம்மாளுக்குக் கொடுத்தோம். பத்தாம் நாள் அவளே பஸ்ஸேறி வந்துவிட்டாள். எங்கள் வீட்டில் பேச்சு தெலுங்கு. அக்கா தமிழுக்கு மாறினால் கோபம் என்று அர்த்தம்.

“ஏலே, எங்க மாமியா வெள்ளச் சேலையப் பாரு. ஆத்துல ரெண்டையும் ஒண்ணா நனைச்சேன், இந்தக் கதிக்கு ஆயிருச்சு.”

“மூணு அலசு அலசுனேன்க்கா. ஒரு பொட்டு எறங்கலையே.”

“ஒங் கெணத்துல அலசுன. கட்டுறவ எந்தத் தண்ணியில அலசுவான்னு யோசிச்சியா?”

எங்கள் கிணற்று உப்பே சாயத்தைப் பிடித்து வைத்திருந்தது. ஆற்று நல்ல தண்ணீர் அதை விட்டுவிட்டது. அதே சாயத்தில் நெய்த மற்றச் சேலைகள் மறுநாள் லோடு ஏற வேண்டியவை. நிறுத்தினோம். அன்று அவள் வராமல் போயிருந்தால் எங்கள் சரக்கை யார் தொட்டிருப்பார்கள்?

திருமதி ஹார்ட்லியிடம், மருத்துவமனையிலேயே துளையிட்ட அட்டைகளைக் கேட்டேன்.

“நம் பெண்கள்மேல் நம்பிக்கை இல்லையா? இன்னும் எவ்வளவு சோதிப்பீர்கள்?” முகம் சிவந்துவிட்டது.

சேலைக் கதையைத்தான் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். பாதி புரிந்திருக்கும். ஆனாலும் தொலைபேசியை எடுத்து, தன் பொறுப்பில் ஒரு வாரம் தவணை வாங்கித் தந்தார். நேற்று வந்த அந்நியனுக்காக அவர் அதைச் செய்ய வேண்டியதில்லை. அந்த நன்றி இன்றும் தீரவில்லை.

அட்டைகள் வந்தன. பதினோரு பேருக்குக் கடிதமே அச்சாகவில்லை. எல்லாரும் பிறந்த தேதிக் கட்டம் காலியாக இருந்தவர்கள். எங்கள் பெண்கள் காலிக் கட்டத்தில் ஒழுங்காகப் பூஜ்யம் அடிப்பார்கள், மருத்துவமனை எழுத்தர் அப்படியே விட்டுவிடுவார். என் புரோகிராம் அவர்களைச் சத்தமில்லாமல் தாண்டிப் போயிருந்தது. அதில் ஒருவர் அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்தவர்.

பிழையைத் திருத்தி மறுபடி ஓட்டி, கையெழுத்துப் போட்டேன். வேலையும் நிலைத்தது. அந்தத் தாளில் ‘சோதித்தவர்கள்’ என்ற இடத்தில் என் பெயருக்குக் கீழே அக்கா பெயரையும் எழுதியிருந்தேன். திருமதி ஹார்ட்லி கண்ணாடியை இறக்கிக்கொண்டு, இவர் எங்கே இருக்கிறார் என்று கேட்டார். அம்பாசமுத்திரம் என்றேன். எங்கள் அலுவலகக் கிளைகளில் ஒன்று என்று நினைத்து, எழுத்துக்கூட்டிக் கேட்டுத் தட்டச்சு செய்துகொண்டார். நான் மறுக்கவில்லை.

கல்யாணத்தோடு அக்கா பெயரும், கப்பலேறியதும் என் பெயரும் வீட்டு ரேஷன் கார்டில் அடிபட்டுப் போயின. இப்போது நாங்கள் இருவரும் ஒன்றாக இருக்கும் ஒரே தாள், இந்த ஊர் அலுவலகத்து இரும்பு அலமாரியில் இருக்கிறது.