மாதேஸ்வரன் தேர்ந்தெடுத்த வால்யூம்

குமாரபாளையத்தில் கோயில் நோம்பித் திருவிழாவில் கச்சேரி பார்ப்பவர்களுக்கு மாதேஸ்வரன் கிட்டார்காரர். மற்ற எல்லோருக்கும் சண்முகவேலின் மகன், தறி ஓட்டுகிறவர். பள்ளிக்கூடத்தை விட்ட நாள் முதல் அப்பாவின் விசைத்தறிப் பட்டறையில்தான் இருக்கிறார். அதை விட்டுப் போகப்போகிறேன் என்று அவர் சொல்லாத வருடம் கிடையாது. சொன்னபடி விட்டுப் போன வருடமும் கிடையாது.

தறி ஓடும்போது கத்தினாலும் கேட்காது என்பதால் அந்தக் குடும்பத்தில் கையசைவும் உதட்டசைவும்தான் பேச்சு. அப்பனும் மகனும் வாக்குவாதம் செய்வதை வாசலிலிருந்து பார்த்தவர்கள் அடிதடி என்று நினைத்து விலக்கிவிட ஓடி வந்ததுண்டு.

இந்த வருடம் ஒரு வழி திறந்தது. சேலத்தில் எலக்ட்ரானிக் உதிரிபாகக் கடையும் மெல்லிசைக் குழுவும் வைத்திருக்கும் நசுருல்லாவுக்கு ஒரு கிட்டார்காரர் தேவைப்பட்டார்.

"முழு நேரமா வந்துடுங்க மாதேஷு. ஆனா அந்தக் கிட்டார முதல்ல சரி பண்ணுங்க. வால்யூம் திருப்புனா அப்பளம் நொறுங்குற மாதிரி இருக்கு. ஒத்திகைல நல்லா வந்துச்சுன்னா ஆள் நீங்கதான்."

குமிழ்களுக்கு அடியில் இருந்து சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் 'பாட்' என்ற உதிரிபாகங்கள் தேய்ந்திருந்தன. வால்யூமுக்கு ஒன்று, டோனுக்கு ஒன்று. இரண்டையும் மாற்றியாக வேண்டும்.

"கம்பிக்கு அடியில இருக்குற பிக்கப் ஒத்தைச் சுருளா, ரெட்டையா?" என்று கேட்டார் நசுருல்லா.

"ரெட்டைங்க பாய்."

"அப்ப ஐந்நூறு கே ஓம். ஒத்தைக்குத்தான் இருநூத்தம்பது. லாக் வகை பாட்டா எடுத்துக்குங்க, சத்தம் சீரா கொறையும். லீனியர் போட்டா பாதி திருப்பியும் சத்தம் கொறையாது, கடைசில பொத்துனு விழுந்துரும்."

"ஐந்நூறுக்கு மேல போட்டா என்னாகுமுங்க?"

"கீச்சு கூடும். கொறைச்சுப் போட்டா கீச்செல்லாம் எர்த்துல ஒழுகிச் சத்தம் மந்தமாயிரும்."

மாதேஸ்வரன் ஐந்நூறில் ஒரு ஜோடி வாங்கினார். எதற்கும் இருக்கட்டும் என்று அதைப்போல இரண்டு மடங்கான 'ஒரு மெக்'கிலும் ஒரு ஜோடி வாங்கிக்கொண்டார். எதற்கும் இருக்கட்டும் என்று வாங்கியதுதான் எப்போதும் வேலைக்கு வருகிறது.

ஞாயிறு, தறி நின்றிருந்தது. ஐந்நூறைப் பற்றவைத்து வாசித்தார்.

"கிட்டாருக்குக் கைலி கட்டி உட்டாப்புல இருக்குது" என்றார் சண்முகவேல்.

தறிக்கு நூலைத் தார் சுற்றும் வேலையை விட்டு எழுந்து வந்த மாதேஸ்வரனின் மனைவி ரஞ்சனியும் ஆமோதித்தாள். "ஏனுங்க, மூக்கடைச்சவங்க பாடறாப்புல இருக்குதுங்க."

ஒரு மெக்கை மாட்டினார். ரஞ்சனி முகம் மலர்ந்தது. "இப்பத்தானுங்க கிட்டாராட்டம் இருக்குது!" மகன் செய்த எதையும் ஒப்புக்கொண்டிராத சண்முகவேல் கட்டை விரலை உயர்த்தினார். அந்தக் குடும்பம் ஒருமனதாக எடுத்த முதல் முடிவு அது.

ஒத்திகை அம்மாபேட்டையில், நசுருல்லாவின் வீட்டு மாடியில். மாதேஸ்வரன் கம்பிகளை ஒருமுறை மீட்டியதும் பாடகி மோகனப்பிரியா காதைப் பொத்திக்கொண்டாள்.

"அய்யோ அண்ணா, பல்லு கூசுது!"

நசுருல்லா வந்து டோன் குமிழைப் பாதிக்குக் குறைத்தார். "இப்ப?"

"அப்படியேதானுங்க இருக்குது."

நசுருல்லா மாதேஸ்வரனுக்குப் பின்னால் போய் நின்று சாவிக்கொத்தை ஆட்டினார். மாதேஸ்வரன் திரும்பவில்லை; எதிரே நின்று "சாவி சத்தம் கேக்கலையா?" என்று முணுமுணுத்த மோகனப்பிரியாவின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாவிங்கறீங்களே, என்ன சாவி?" என்று அவளைக் கேட்டார்.

யாரும் சிரிக்கவில்லை. நசுருல்லா ஒரு மெக்கைக் கழற்றி ஐந்நூறைப் பற்றவைத்தார். மறுபடி வாசித்தபோது அத்தனை பேரும் தலையாட்டினார்கள். மாதேஸ்வரனின் காதுக்கு மட்டும் அதே கைலி கட்டிய சத்தம்.

"பாட் மேல தப்பு இல்ல மாதேஷு. எத்தனை வருசமாத் தறில நிக்கிறீங்க?" கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் சொன்னார்: "காது டாக்டர்ட்ட காட்டுங்க. ஆடி நோம்பிக்குக் கூப்புடுறேன், ரெண்டு பாட்டு வாசிங்க. முழு நேரம்னா ஒவ்வொரு மண்டபத்துலயும் டோன் நீங்கதான் வெக்கணும். நான் கீபோர்ட விட்டுட்டு ஓடி வர முடியுமா?"

டோன் குமிழ் நகராதபடி கறுப்பு டேப் ஒட்டித் தந்தார்.

விட்டுப் போகத்தான் மாதேஸ்வரன் கிட்டார் பழகினார். பட்டறை அவசரப்படவில்லை; அவர் எங்கே போனாலும் கூடவே போகும்படி காதுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது.

வீட்டில் வாசித்துக் காட்டினார்.

"மறுபடியும் மூக்கடைச்சிருச்சுங்களே" என்று ரஞ்சனி டேப்பை உரிக்கப் போனாள். அவர் அவள் கையை நகர்த்திவிட்டார்.

"நல்லாத்தான் இருக்குதாம் சாமி."

மறுநாள் காலை, பஞ்சு பறக்கும் பட்டறைக்கு மெடிக்கல் கடையிலிருந்து பஞ்சு வாங்கி வந்தார். உருட்டி முதலில் ரஞ்சனியின் காதுகளில் வைத்தார், பிறகு தன் காதுகளில். மோட்டார் ஓடத் தொடங்கியிருந்தது. சண்முகவேல் எதிர்ப்பக்கத் தறியிலிருந்து கையை விரித்து, என்ன கூத்து இது என்று கேட்டார். மாதேஸ்வரன் மிச்சப் பஞ்சை அவரிடம் நீட்டினார்.